மேல்வீடு அக்காவுக்கு, கீழ்வீடு தங்கச்சிக்கு

1. வயிற்றில் இரண்டு இரகசியம்

அன்று காலை நோட்டார் அலுவலகத்துப் படிகளில் ஏறும்போது என் வயிற்றில் இரண்டு இரகசியங்கள் இருந்தன. ஒன்று அக்கா சொன்னது, மற்றது தங்கச்சி சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் நான் சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளர். நோட்டாரின் மேசைக்கு முன்னால் இருக்கும்போது சிரிக்க எனக்கு உரிமை இல்லை. இந்தத் தொழிலுக்கு வர யோசிக்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு பாஷையும் விளங்குவதால் எந்தப் பகிடியும் முதலில் எங்களுக்குத்தான் விளங்கும், ஆனால் நாங்கள்தான் கடைசியில் சிரிக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் என்றால் ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விண்ணப்பம் என்று ஒரே கண்ணீரும் கம்பலையுமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் பல வருடம் அப்படித்தான் போனது. பிறகு எங்கள் ஆட்கள் வீடு வாங்கத் தொடங்கினார்கள். எனக்குக் கொண்டாட்டம் பிறந்தது.

ஜேர்மனியில் வீடு வாங்குவதென்றால் நோட்டார் முன்னால் போய் இருக்கவேண்டும். ஊரில் காணி உறுதி எழுதுகிறவரை நொத்தாரிசு என்போமே, அவர்தான். ஆனால் இங்கே அவர் வீட்டு உறுதிப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. வாங்குகிறவர்களின் ஜேர்மன் அதற்குப் போதாது என்று அவருக்குத் தோன்றினால், வாசிப்பதையெல்லாம் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். சொந்தக்காரர் யாரும் அந்த வேலையைச் செய்யமுடியாது. ஹம் நகரத்தைச் சுற்றியுள்ள நோட்டார்மார், நான் ஓய்வுபெறும்வரை, என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

2. பாதி வீடு

அக்காவின் பெயர் தவமணி. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. கணவர் நடராசா, எல்லோருக்கும் நடா அண்ணை. ஒரே மகள் பான் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி சுகந்தி முதியோர் இல்லத்தில் இரவுப் பராமரிப்பு. அவளுடைய கணவர் ஜெயா பார்சல் வாகனம் ஓட்டினார். அவர்களுக்குக் கையை விட்டால் ஓடிவிடுகிற வயதில் இரண்டு பையன்கள்.

இரண்டு குடும்பமும் வாடகை வீட்டில் பட்டது கொஞ்சமல்ல. மீன் பொரித்தால் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு, பையன்கள் ஓடினால் முறைப்பாடு. சொந்த வீடு வேண்டுமென்று வங்கிக்குத் தனித்தனியாகப் போனார்கள். வங்கி இருவரையும் மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. நான்கு சம்பளமும் ஒன்றாகப் போய் நின்றபோது அதே வங்கி கதிரை போட்டு, கோப்பியும் கொடுத்தது.

அந்த வீட்டைக் கண்டது ஹம் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று. கோயிலடியில் கார் விட இடமில்லாமல் எங்கோ ஒரு தெருவில் விட்டுவிட்டு நடந்தார்கள். திரும்பி வரும்போது கார் நின்ற இடத்துக்கு நேரே விற்பனைப் பலகை. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, தனித்தனிக் கதவு. உரிமையாளர் ஃபிராவ் லோமன், அதாவது திருமதி லோமன், கணவரை இழந்தவர், சிறுவர் பாடசாலையில் ஆயுள் முழுவதும் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவர் வடக்கே கீல் நகரத்தில் மகனோடு இருக்கப் போகிறார். மகனுக்கோ வீட்டை ஒரு கட்டட நிறுவனத்துக்குக் கொடுக்க விருப்பம். அம்மாதான் பிடிவாதமாக, "பிள்ளைகள் ஓடுகிற வீடாக இருக்கட்டும்," என்று எங்கள் ஆட்களுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். நோட்டாரிடம் கையெழுத்துக்குக் குறித்த நாளுக்கு மறுநாளே அவருக்கு இரயில். அந்த டெர்மின், அதுதான் குறித்த நாள், தவறினால் மிச்சத்தை மகன்தான் பார்ப்பார், அவர் எப்படிப் பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படிச் சேர்ந்து வாங்கும்போது வீட்டைப் பாதி பாதியாக எழுதிவிட்டு விடமுடியாது. எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தளம் என்று உறுதியில் பிரித்து எழுதவேண்டும். கூரை, நடைபாதை, சூடாக்கும் இயந்திரம் எல்லாம் பொது. தோட்டம் கீழ்வீட்டோடு சேர்ந்தது. மேல்வீட்டில் ஃபிராவ் லோமன் அண்மையில் போட்ட புதுக் குசினி, அடுப்பும் அலுமாரிகளுமாக, இருந்தது. பெரிய பல்கனியும் உண்டு.

யாருக்கு எது என்று நோட்டார் அலுவலகம் இரண்டு குடும்பத்திடமும் தனித்தனியாகக் கேட்டது. அக்கா, "தங்கச்சிக்குக் கீழ்வீடு" என்று பதில் போட்டா. தங்கச்சி, "அக்காவுக்கு மேல்வீடு" என்று பதில் போட்டாள். அலுவலகத்தாருக்கு மெத்தச் சந்தோசம். இவ்வளவு ஒற்றுமையான குடும்பத்தை அவர்கள் கண்டதில்லையாம். அப்படியே எழுதிவிட்டார்கள்.

டெர்மினுக்கு முதல் நாள் தவமணி எனக்குத் தொலைபேசி எடுத்தா. கடவுச்சீட்டு கொண்டுவரவேண்டுமா என்று கேட்கத்தான் எடுத்தா. கேட்டு முடித்தும் வைக்கவில்லை.

"வசந்தா அக்கா, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். எனக்கு முழங்கால் நோ. படி ஏறி இறங்க ஏலாது. வீடு பாக்கப் போன அண்டைக்குப் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஏறினனான். அந்தத் தோட்டத்தைப் பாத்தாப் பிறகு நித்திரையும் இல்லை. கத்தரி வைக்கலாம், பூசணி வைக்கலாம்..."

"அப்ப சொல்லுங்கோவன்," என்றேன்.

"ஐயோ, எப்பிடிக் கேக்கிறது? சின்னப் பிள்ளையள் இருக்கிறவள். தோட்டத்தை நான் பறிச்ச மாதிரி இருக்கும். சொல்லிப்போடாதேங்கோ."

அன்று பின்னேரம் தங்கச்சி எடுத்தாள். அவளுக்கும் கடவுச்சீட்டுத்தான் சாட்டு.

"அக்கா, நான் இரவு வேலை. பகல்ல படுக்கிறனான். தலைக்கு மேல ஆராவது நடந்தால் எனக்கு நித்திரை வராது. மேல்வீடெண்டால் மேல கூரைதான். சாமி அறைக்கு மேலயும் ஆரும் மிதிக்கமாட்டினம்."

"அக்காவிட்டச் சொல்லன் பிள்ளை."

"விசரே? புதுக் குசினி மேலயெல்லோ கிடக்குது! அதை நான் எடுத்தால் அவ என்ன நினைப்பா? நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது."

கீழே வேண்டியவ மேலே போகிறா, மேலே வேண்டியவள் கீழே போகிறாள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு புதுக் குசினிக்கு ஏறப்போகிறா, தங்கச்சி அக்காவின் காலடியை எண்ணிக்கொண்டு விழித்துக் கிடக்கப்போகிறாள். இருவரும் சாகும்வரை வாய் திறக்கமாட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படி ஒரு காரியத்தை இவ்வளவு அழகாகப் பிழையாகச் செய்யமுடியும். வாடிக்கையாளர் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தேன், அப்படியே சிரித்தும் விட்டேன்.

3. வாசிப்பு

நோட்டார் ஹெர் ஃபிங்க் உயரமான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. வாசிக்கத் தொடங்கினால் அர்ச்சனைக்கு நீண்ட வரிசை நிற்கும்போது ஐயர் மந்திரம் சொல்லும் வேகம். இரண்டு வரிக்கு ஒருதரம் எனக்காக நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன். நடா அண்ணை ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார், விளங்கினாலும் விளங்காவிட்டாலும்.

இந்தக் கட்டத்தில் ஒரு தொழில் பழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களிடம் "சம்மதமா?" என்று கேட்டால் "ஓம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வராது. "உங்களுக்கு வசதியெண்டால் எங்களுக்கும் வசதி", "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ", "கடவுள் விட்ட வழி" என்றெல்லாம் வரும். ஜேர்மன்காரருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் என்னைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் சுருக்கி ஜேர்மனில் ஒரு ஓம், "யா" என்று சொல்லிவிடுவோம். நோட்டார் சந்தோசமாக அடுத்த பந்திக்குப் போவார்.

தளம் பிரிக்கிற பந்தி வந்தது. மேல்வீடு தவமணி, நடராசா. கீழ்வீடும் தோட்டமும் சுகந்தி, ஜெயக்குமார். நான் தமிழில் சொன்னேன். அக்கா தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தா. தங்கச்சி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் பல் வைத்தியரிடம் கதிரையில் இருக்கிறவர்களின் சிரிப்பு.

ஹெர் ஃபிங்க் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். முக்கியமான பந்திகளில் நிறுத்திக் கேட்பது அவர் கடமை.

"இது உங்கள் இருவரின் விருப்பம்தானா?"

நான் கேட்டேன். கையெழுத்து விழுந்தால் விழுந்ததுதான்.

சுகந்தி சொன்னாள்: "அக்கான்ர விருப்பம் எதுவோ, அதுதான் என்ர விருப்பம்."

தவமணி சொன்னா: "தங்கச்சி சந்தோசமாய் இருந்தால் எனக்குக் காணும்."

வழக்கமாக என் வாயில் "யா" தயாராக இருந்திருக்கும். அன்று அதை விழுங்கினேன். கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்பதுதானே நான் செய்த சத்தியம்? சுகந்தி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் சொன்னேன். பிறகு தவமணி சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

ஹெர் ஃபிங்க் பேனையைக் கீழே வைத்தார்.

4. ஒன்று, இரண்டு, மூன்று

"இது ஆமா, இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

"அவர்கள் சொன்னதைச் சொன்னேன்," என்றேன். "பதில் அவர்களிடம்தான் இருக்கிறது."

அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை மெல்ல, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. "தங்கச்சியின் விருப்பத்தை நான் கேட்கவில்லை. உங்களுடையது என்ன?"

தவமணி குழம்பிப்போனா. "எனக்கெண்டு என்ன கிடக்குது? அவள் சின்னவள்."

"அக்காவுக்கு மேல்வீடு பொருத்தம்," என்றாள் சுகந்தி. "புதுக் குசினி."

"அவளுக்குத் தோட்டம் வேணும்," என்றா தவமணி.

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன். ஹெர் ஃபிங்க் கதிரையில் சாய்ந்தார்.

"இந்த மேசையில் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்காக அண்ணன் தம்பி கைகலந்ததைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் வேண்டாம் என்று அடிபடுகிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன். ஆனால் நான்கு பேரும் கேளுங்கள். எனக்கு உங்கள் விருப்பம் தெரியாமல் நான் இதை முடிக்கமுடியாது."

நடா அண்ணை என் பக்கம் சாய்ந்தார். "அக்கா, டெர்மின் குழம்பப் போகுதோ? கேளுங்கோ."

நான் கேட்பதற்குள் ஃபிராவ் லோமன் கைப்பையை மேசையில் வைத்தார்.

"ஹெர் ஃபிங்க், என் வகுப்பில் இப்படிப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். சிவப்புப் பந்து வேண்டுமென்று ஆசை, ஆனால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒரு வழிதான் உண்டு. கண்ணை மூடவேண்டும், விரலால் மேலே அல்லது கீழே காட்டவேண்டும், களவு பண்ணக்கூடாது."

முனைவர் பட்டம் பெற்ற அந்த நோட்டார் கொஞ்சம் யோசித்தார். பிறகு மிக அக்கறையாக என்னைப் பார்த்து, "சொல்லுங்கள்," என்றார்.

நான் சொன்னேன். "கண்ணை மூடட்டாம். மேல்வீடெண்டால் விரலை மேல காட்டட்டாம், கீழ்வீடெண்டால் கீழ. களவு பண்ணக்கூடாதாம்."

"பகிடியே அக்கா?" என்றாள் சுகந்தி.

"நான் பகிடி விடக்கூடாது பிள்ளை. அவர் சொன்னதைத்தான் சொல்லுறன்."

இரண்டு பெண்களும் கண்ணை மூடினார்கள். தவமணி அம்மன் சந்நிதியில் நிற்பதுபோல் நன்றாக இறுக்கி மூடினா. ஹெர் ஃபிங்க் எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன், அதுவும் மொழிபெயர்ப்புத்தானே. "ஒண்டு... ரெண்டு... மூண்டு!"

தவமணியின் விரல் தரைவிரிப்பைக் காட்டியது. சுகந்தியின் விரல் மின்விளக்கைக் காட்டியது.

கண்ணைத் திறந்தார்கள். அக்கா தங்கச்சியின் விரலைப் பார்த்தா. தங்கச்சி அக்காவின் விரலைப் பார்த்தாள். இருவருக்கும் விரலை மடக்கத் தோன்றவில்லை.

"அக்கா... நீங்கள் கீழயே?"

"நீ மேலயே?"

"புதுக் குசினி?"

"நெருப்பில போக அந்தக் குசினி! எனக்கு முழங்கால் நோ."

"எப்ப தொடக்கம்?"

"நீ எப்ப கேட்டனி?"

"நீங்கள் ஓடி ஓடிப் படி ஏறினியளே!"

"பல்லைக் கடிச்சுக்கொண்டு ஏறினனான்! உன்ர பிள்ளையளுக்குத் தோட்டம்?"

"அதுகளுக்குக் கால் இல்லையே? இறங்கி வருவாங்கள்தானே!"

ஹெர் ஃபிங்க் என்னைப் பார்த்தார். "மொழிபெயருங்கள்."

"முழங்கால்..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான். முதல் நாளிலிருந்து வயிற்றில் கிடந்ததெல்லாம் சிரிப்பாகப் பொங்கியது. கண்ணில் நீர் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிடம், ஹெர் ஃபிங்க், ஒரே ஒரு நிமிடம்," என்று கெஞ்சினேன். சுகந்தி சிரித்தாள். தவமணி அழுதுகொண்டே சிரித்தா. ஒரு சொல்லும் விளங்காமலே ஃபிராவ் லோமனும் சிரித்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

5. அதற்கும் கீழே

ஹெர் ஃபிங்க் சட்டத்தில் பிசகாதவர். "வாங்குகிறவர்கள் நான்கு பேர். கணவர்மாரும் கண்ணை மூடவேண்டும்."

நடா அண்ணையும் ஜெயாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மனைவிமார் அவர்களைப் பார்த்த பார்வையில் ஒரு கட்டளை இருந்தது. கண்ணை மூடினார்கள். எண்ணினோம். இரண்டு விரலும் கீழே போயின.

"ஜெயா!" என்றாள் சுகந்தி. "எங்களுக்கு மேல்வீடெல்லோ?"

"நான் கீழ்வீட்டைக் காட்டேல்லை," என்றார் ஜெயா, இன்னும் கண்ணைத் திறக்காமல். "அதுக்கும் கீழ."

"நானும் அதைத்தான்," என்றார் நடா அண்ணை மெதுவாக.

அதற்கும் கீழே கெல்லர். நிலக்கீழ் அறை. காலஞ்சென்ற ஹெர் லோமன் அங்கே மரத்தால் ஒரு பார் மேசை செய்து, உயரக் கதிரைகளும் போட்டு வைத்திருந்தார். வீடு பார்க்கப் போன அன்று இரண்டு சகலன்மாரும் கெல்லரில் நெடுநேரம் நின்றதை, சுவரில் ஈரம் பார்க்கிறார்கள் என்று மனைவிமார் நம்பியிருந்தார்கள்.

"அண்ணை, உங்களுக்கும் அதிலதான் கண்ணோ?" என்று ஜெயா கேட்டார்.

"நீர் எடும், நீர் எடும்," என்றார் நடா அண்ணை பழக்கதோசத்தில்.

"வேண்டாம்!" என்று அக்காவும் தங்கச்சியும் ஒரே குரலில் கத்தினார்கள். "இனி ஒருத்தரும் விட்டுக்குடுக்கக் கூடாது!"

நான் அதையும் மொழிபெயர்த்தேன். ஹெர் ஃபிங்க் முகம் மாறாமல், கெல்லர் ஏற்கெனவே இரு குடும்பத்துக்கும் பொது என்றும், அதைப் பிரிக்கவேண்டிய அவசியம் இல்லை என்றும் விளக்கினார். சகலன்மார் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஃபிராவ் லோமன், "என் கணவரையும் எப்போதும் அங்கேதான் தேடிப்பிடிக்க வேண்டும்," என்றார்.

பிறகுதான் பயம் வந்தது. தளத்தை மாற்றி எழுதுவதென்றால் வங்கி சம்மதிக்கவேண்டும். வங்கி மறுத்தால் அன்று கையெழுத்து இல்லை, மறுநாள் ஃபிராவ் லோமன் கீலில், வீடு மகன் கையில். அலுவலகப் பெண் பக்கத்து அறைக்குப் போய் வங்கிக்கு அழைத்தாள். கதவுக்குப் பின்னால் அவள் குரல் மட்டும் கேட்டது. தவமணி தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாமல் மேல போயிருக்கலாம்," என்று முணுமுணுத்தா. "வாயை மூடுங்கோ அக்கா," என்றாள் சுகந்தி. அவள் அக்காவிடம் அப்படிப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அலுவலகப் பெண் வந்தாள். இரண்டு பாதியும் ஒரே பெறுமதி, கடன் கொடுப்பது ஒரே வங்கி, அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையாம். எழுத்தில் உடனே அனுப்புகிறார்களாம். நடா அண்ணை சந்தோசத்தில் எழும்பி மேசையை ஒருதரம் சுற்றி வந்து மறுபடி கதிரையில் இருந்தார்.

மாற்றி அச்சடித்தார்கள். ஹெர் ஃபிங்க் அந்தப் பந்தியை மறுபடி வாசித்தார். நான் மறுபடி சொன்னேன். "இது உங்கள் விருப்பம்தானா?" என்று மறுபடி கேட்டார்.

"ஓம்," என்றா தவமணி.

"ஓம்," என்றாள் சுகந்தி.

என் தொழில் வாழ்க்கையில் ஒரு "யா"வை அவ்வளவு சந்தோசமாக நான் சொன்னதில்லை.

6. பால்

குடிபுகுந்து பால் காய்ச்சுகிற நாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் சனம் நிரம்பி வழிந்தது. பையன்கள் தோட்டத்துக்கும் மேல்வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரும் முறைப்பாடு செய்யவில்லை. சகலன்மாரைக் காணவில்லை, எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு குசினி, இரண்டு பானை. எந்தக் குசினியில் முதலில் பால் பொங்குவது? ஐயர்தான் அதைக் கேட்டார். ஒரு மாமி, "மூத்தவள் விட்டுக்குடுக்கிறதுதான் முறை," என்று தொடங்கினா. இன்னொருவர், "இல்லை, இளையவள்தான்..." என்றார். பழைய கதை மறுபடி தொடங்கப்போகிறது என்று நினைத்தேன். நோட்டாரும் இல்லை, ஃபிராவ் லோமனும் இல்லை.

தவமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா.

"நான் முதல்," என்றா. "எனக்கு ஆசையாக் கிடக்குது."

"ஓம், அவ முதல்," என்றாள் சுகந்தி. "அதுக்குப் பிறகு என்ர. சாமி அறைக்குள்ள விளக்கு நான்தான் முதல் கொளுத்துவன். அதை ஆரும் கேக்கக்கூடாது."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, புகை எச்சரிப்புக் கருவி வீடு அதிரக் கத்தியது, ஒரு பையன் கதிரை மேல் ஏறித் துவாயால் விசிறினான், ஐயர் மந்திரத்தை அந்தச் சத்தத்துக்கு மேலால் சொல்லி முடித்தார். தவமணி கையைத் தட்டிச் சிரித்தா.

சேர்ந்து வீடு வாங்கப் போகிற குடும்பங்கள் இப்போது என்னிடம் வந்து, வங்கியைப் பற்றிக் கேட்கிறார்கள், வட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். அதையெல்லாம் வங்கி சொல்லித்தரும். நான் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எந்த அறை வேண்டுமென்று மற்றக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லையென்றால் டெர்மின் எடுக்காதீர்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் இருக்கப்போகிறது. ஆசையை மறைத்தால் அதுவும் கூடவே குடிவந்துவிடும். மொழிபெயர்க்க வருகிற பிள்ளைகளுக்கும் அதுதான்: அவர்கள் சொல்லாததை நீங்கள் சொல்லக்கூடாது. ஆனால் அவர்கள் சொன்னதைச் சுருக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு இருந்தோம். சுகந்தி வடைத் தட்டோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள். "அக்கா, இன்னும் வைக்கட்டே?"

"காணும், காணும்" என்று சொல்ல வாய் பாதி திறந்துவிட்டது. மூடினேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு வேணும்," என்றேன்.

அவள் நாலு வைத்தாள். நாலையும் சாப்பிட்டேன்.